கடுகளவும் இல்லாத ஒரு பூட்டு!

விரல் நுனி அளவே உள்ள ஒரு கண்ணாடிக் குப்பி. பார்த்தால் காலிக் குப்பி போலத்தான் இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், அடியில் வெள்ளையாக ஏதோ மெல்லிய படலம் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். அவ்வளவுதான்!

அந்தப் படலத்தின் எடை என்ன தெரியுமா? ஒரு கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு! ஒரு கடுகை இருபது துண்டு போட்டால், ஒரு துண்டு இருக்கும் எடையைத் தாண்டாது. விலையோ பல்லாயிரம் ரூபாய். அதே எடைக்குத் தங்கம் வாங்கினால் ஒன்றிரண்டு ரூபாய்தான் ஆகும்.

குப்பியின் மேல் ஓர் எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கும். "ஆராய்ச்சிக்கு மட்டும்; மனிதர்களுக்குக் கொடுக்கக் கூடாது."

மருந்தும் அல்ல, மாத்திரையும் அல்ல. பிறகு எதற்காக இந்த விலை? ஏன் உலகம் முழுவதும் ஆராய்ச்சிக்கூடங்கள் இதை வாங்கி, உறைபனிப் பெட்டியில் பூட்டி வைக்கின்றன?

இதைத் தெரிந்துகொள்ள வேண்டியது விஞ்ஞானிகள் மட்டும் அல்ல. மும்பையில் பரேல் பக்கம் போய் வருகிறவர்கள் எல்லோருக்கும் டாடா ஆஸ்பத்திரியைத் தெரியும். 1941-ம் ஆண்டு தொடங்கப்பட்ட புற்றுநோய் ஆஸ்பத்திரி அது. ஊரிலிருந்து வரும் சொந்தக்காரரை தாதர் ஸ்டேஷனில் இறக்கி, கையில் ரிப்போர்ட்டுக் கட்டுடன் அங்கே அழைத்துப்போன அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அங்கே நடந்த ஒரு பரிசோதனைக்கும், இந்தக் குப்பியில் இருக்கும் பொருளுக்கும் நெருங்கிய சம்பந்தம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

காவல்காரனும் பூட்டும்

நம் ரத்தத்தில் சிவப்பு அணுக்கள், வெள்ளை அணுக்கள் என்று இரு வகை உண்டு என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். வெள்ளை அணுக்களில் ஒரு பிரிவுக்கு "டி" அணுக்கள் என்று பெயர். எலும்பு மஜ்ஜையில் பிறந்து, மார்பு எலும்புக்குப் பின்னால் இருக்கும் "தைமஸ்" என்ற சுரப்பியில் பயிற்சி பெற்று வெளியே வருகின்றன. அந்தத் தைமஸின் முதல் எழுத்துதான் "டி".

இவை உடம்பின் காவல்காரர்கள். ரத்தத்திலும் திசுக்களிலும் ரோந்து சுற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு அணுவையும் தொட்டுத் தடவிப் பார்க்கும். நம்முடையது என்றால் விட்டுவிடும். கிருமி புகுந்த அணு என்றால் அந்த இடத்திலேயே தீர்த்துக்கட்டும்.

ஆனால், காவல்காரன் சதா சர்வகாலமும் தடியை ஓங்கிக்கொண்டே இருந்தால் வீட்டுக்காரர் கதி என்ன? அதனால் இயற்கை ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. சண்டையில் இறங்கிய டி அணுவின் மேல்தோலில், கொஞ்ச நேரத்தில் ஒரு பூட்டு முளைக்கிறது. ஒன்று இரண்டு அல்ல, ஏராளமாக முளைக்கும். அந்தப் பூட்டுக்குப் பொருத்தமான சாவி நம் உடம்பின் சாதாரண அணுக்களிடம் இருக்கிறது. "போதும், நிறுத்து" என்று சாவியைப் போட்டுத் திருப்பினால், காவல்காரன் தடியைக் கீழே போட்டுவிடுவான்.

இப்படி வெளியிலிருந்து வரும் செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதத்துக்கு "ரிசப்டர்" என்று பெயர். தமிழில் ஏற்பி என்பார்கள். நாம் இங்கே பேசும் ரிசப்டரின் பெயர் "பி.டி-1". அதன் சாவிக்கு "பி.டி-எல்1" என்று பெயர்.

புற்றுநோய் அணு பெரிய எத்தன்! பல புற்றுக்கட்டிகள், இந்தச் சாவியைக் கொத்துக் கொத்தாகத் தன் மேல் தொங்கவிட்டுக்கொள்கின்றன. பிடிக்க வந்த டி அணு நெருங்கியதும், பூட்டில் சாவியைப் போட்டு அதை முடக்கிவிடுகின்றன. காவல்காரன் பக்கத்திலேயே நிற்கிறான். திருடன் வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறான்!

கியோட்டோவில் பிறந்த பெயர்

இந்தப் பூட்டைக் கண்டுபிடித்தவர்கள், அது பூட்டு என்று தெரிந்து தேடியவர்கள் அல்ல. ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தசுகு ஹோஞ்சோ என்ற பேராசிரியரின் ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. அங்கே யசுமாசா இஷிடா என்ற இளம் ஆராய்ச்சியாளர், சில அணுக்கள் தாமாகவே சாவது எப்படி என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். சாகப் போகும் அணுக்களில் மட்டும் வேலை செய்யும் ஒரு ஜீன் அவர் கண்ணில் பட்டது. அணுவின் சாவுக்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று கருதி, "திட்டமிட்ட மரணம்" என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். பி.டி. என்ற எழுத்துக்கள் அதிலிருந்து வந்தவைதான். 1992-ல் செய்தி வெளியாயிற்று.

பெயர் வைத்தாயிற்று, ஆனால் வேலை என்ன என்பது பல ஆண்டுகள் புரியவில்லை! அந்த ஜீனை நீக்கிய எலிகளை வளர்த்துப் பார்த்தார்கள். எலிகள் நன்றாக ஓடியாடின. நாள் போகப் போகத்தான் குட்டு வெளிப்பட்டது. வயதான எலிகளுக்கு மூட்டு வீக்கமும் சிறுநீரகக் கோளாறும் வந்தன. சொந்தக் காவல்காரர்களே சொந்த உடம்பைத் தாக்கியதன் விளைவு அது. பி.டி-1 சாவுக்கான ஜீன் அல்ல, காவலை அடக்கும் பூட்டு என்று அப்போதுதான் தெளிவாயிற்று. அது 1999-ம் ஆண்டு. ஆனால், முதலில் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. (ஊரில் நோஞ்சானாக இருந்தபோது வைத்த பட்டப்பெயர், பயில்வானான பிறகும் ஒட்டிக்கொண்டிருப்பதில்லையா?)

அடுத்த ஆண்டே சாவியும் அகப்பட்டது. இனி ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரே கேள்விதான். பூட்டின் துவாரத்தை அடைத்துவிட்டால் என்ன?

பூட்டில்லாமல் சாவி செய்ய முடியுமா?

தெருவோரத்தில் சாவிக்கொத்தைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பாரே, அவரிடம் போய், "என் வீட்டுச் சாவி தொலைந்துவிட்டது, ஒன்று செய்து கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். "பூட்டைக் கொண்டுவா" என்பார். கதவைப் பெயர்த்து எடுத்துப்போக முடியுமா? பூட்டை மட்டும் கழற்றிக்கொண்டு போவோம்.

விஞ்ஞானிகளும் அதைத்தான் செய்தார்கள். பூட்டு டி அணுவின் தோலில் பதிந்து கிடக்கிறது. அந்தத் தோலோ கொழுப்பால் ஆனது. பிய்த்து எடுத்தால் பூட்டின் உருவமே கெட்டுவிடும். உயிருள்ள அணுவை அப்படியே வைத்துச் சோதிக்கலாம் என்றால், அதன் மேல் வேறு நூற்றுக்கணக்கான புரதங்களும் இருக்கின்றன. எது எதில் ஒட்டியது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். ஆகவே, பூட்டை மட்டும், அதுவும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை மட்டும், தனியாகத் தயாரிக்க வேண்டும்.

சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொள்ளும் இன்சுலின் ஒரு காலத்தில் பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. 1978-ல் மனித இன்சுலினுக்கான ஜீனை பாக்டீரியாவுக்குள் புகுத்தி, அதன் மூலமாகவே இன்சுலின் தயாரிக்க வைத்தார்கள். 1982-ல் அது அமெரிக்காவில் விற்பனைக்கும் வந்தது. ஓர் உயிரின் ஜீனை வெட்டி, இன்னொன்றில் ஒட்டி, வேண்டிய புரதத்தைச் செய்ய வைக்கும் இந்த முறையில் பிறக்கும் புரதத்துக்கு "ரிகாம்பினன்ட்" புரதம் என்று பெயர். குப்பியில் இருப்பதும் அந்த வகைதான்.

ஆனால், இன்சுலின் சின்னப் புரதம். பி.டி-1 அப்படி அல்ல. 288 மணிகள் கோத்த மாலை அது. அதில் ஏறத்தாழப் பாதிதான் அணுவுக்கு வெளியே இருக்கிறது. அந்தப் பாதியின் மேல் நான்கு இடங்களில் சர்க்கரைச் சங்கிலிகளும் ஒட்டியிருக்கின்றன. பாக்டீரியாவுக்கு அந்தச் சர்க்கரை வேலை தெரியாது. ஆகவே மனித அணுவையோ, மனித அணுவைப் போன்ற வேறு பிராணியின் அணுவையோதான் வேலைக்கு அமர்த்த வேண்டும்.

293-வது சோதனை

அப்படி வேலைக்கு வரும் அணுக்களில் பிரசித்தமான ஒன்றின் பெயர் "ஹெக் 293". ஹாலந்து நாட்டின் லைடன் நகரில், 1973-ம் ஆண்டு, பிராங்க் கிரகாம் என்ற விஞ்ஞானி, மனிதக் கருவின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த அணுக்களை ஆராய்ச்சிக்கூடத்தில் நிரந்தரமாக வளரச் செய்ய முயன்றார். தன் சோதனைகளுக்கு வரிசையாக நம்பர் போட்டு வைப்பது அவர் வழக்கம். வெற்றி கிடைத்தது 293-வது நம்பரில்! அந்த நம்பரே அணுவுக்குப் பெயராகிவிட்டது. அன்றிலிருந்து இன்றுவரை அந்த அணுவின் வாரிசுகள் உலகெங்கும் பெருகிக்கொண்டே இருக்கின்றன.

இந்த அணுக்களுக்குள் பி.டி-1-ன் வெளிப்பகுதிக்கு உரிய ஜீனைப் புகுத்துகிறார்கள். தோலில் பதியும் பகுதியை வெட்டிவிடுவதால், தயாராகும் பூட்டு தோலில் ஒட்டாமல், அணுக்கள் மிதக்கும் சத்துநீரில் வந்து விழுகிறது. சில நாள் கழித்து அந்த நீரை வடித்து எடுத்தால், அதில் நம் பூட்டும் இருக்கும்; ஆயிரம் குப்பையும் இருக்கும். பிரிப்பது எப்படி?

அதற்கு ஒரு தந்திரம் முன்கூட்டியே செய்து வைத்திருக்கிறார்கள். ஜீனை எழுதும்போதே, மாலையின் கடைசியில் "ஹிஸ்டிடின்" என்ற ஒரே ரக மணியை ஆறு தடவை சேர்த்துவிடுவார்கள். அந்த ஆறு மணி வாலுக்கு நிக்கல் உலோகத்தின் மேல் ஒரே மோகம். நிக்கல் ஏற்றிய உருண்டைகள் நிரம்பிய குழாய் வழியாகச் சத்துநீரை ஊற்றினால், பூட்டு மட்டும் நிக்கலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். மற்றதெல்லாம் கீழே ஓடிவிடும். அப்புறம் வேறொரு திரவத்தை ஊற்றிப் பூட்டைக் கழற்றி எடுக்கிறார்கள். முலாம் பட்டறைகளில் வேலை செய்யும் நம்மவர்களுக்கு நிக்கல் பழகிய உலோகம்தான். அது புரதத்தைப் பிடித்துக் கொடுக்கும் என்று யார் நினைத்திருப்பார்கள்!

இதற்கு மேல் வடிகட்டி, சுத்தம் பார்த்து, உறைய வைத்து, அப்படியே ஈரத்தை உறிஞ்சினால், அந்த வெள்ளைப் படலம் மிஞ்சும். இத்தனை பாடுதான் விலையாகிறது. வாங்கிய பிறகும் பத்திரமாக நடத்த வேண்டும். தண்ணீர் விட்டுக் குலுக்கினால் நுரைத்து உருக்குலைந்துவிடும். உறைவதும் உருகுவதும் மாறி மாறி நடந்தாலும் கெட்டுவிடும். அதனால், கரைத்தவுடன் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து, வேண்டிய ஒன்றை மட்டும் ஒரு தடவை உருக்கிப் பயன்படுத்துகிறார்கள்.

பணியாரச் சட்டி

இந்தப் பூட்டை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள்?

பணியாரச் சட்டி போல, 96 சிறு குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு குழியின் அடியிலும் பி.டி-1 கரைசலைக் கொஞ்சம் விட்டு ஒட்டவைக்கிறார்கள். பிறகு, பூட்டின் துவாரத்தை அடைக்கும் என்று தாங்கள் நம்பும் பொருளை ஊற்றுகிறார்கள். முதல் குழியில் கெட்டியாக, அடுத்ததில் பாதியாக, அதற்கடுத்ததில் அதிலும் பாதியாக... ஒட்டாததைக் கழுவிக் கொட்டிவிட்டு, நிறம் காட்டும் மருந்தை விட்டால், பொருள் ஒட்டிய குழி நீலமாக மாறும். ஒட்டாத குழி நிறம் மாறாது. எவ்வளவு நீர்த்த பிறகும் நீலம் தெரிகிறதோ, அவ்வளவு உறுதியான பிடி என்று அர்த்தம்.

இதைவிட நுட்பமான கருவியும் இருக்கிறது. கண்ணாடியின் மேல் மெல்லிய தங்கப் பூச்சு. தங்கத்தின் மேல் பூட்டு. அதன் மேல் திரவம் ஓடும். அடியிலிருந்து வெளிச்சம் பாய்ச்சி, அது திரும்பும் கோணத்தை அளந்தே, பொருள் எந்த நொடியில் ஒட்டியது, எந்த நொடியில் விட்டது என்று சொல்லிவிடுகிறார்கள்!

இப்படி அளந்ததில் ஓர் அதிசயம் தெரிந்தது. பூட்டுக்கும் அதன் சொந்தச் சாவிக்கும் உள்ள பிடி ரொம்பத் தளர்ச்சியானது. போட்ட வேகத்தில் கழன்றுவிடும். ஆனால், விஞ்ஞானிகள் உருவாக்கிய "ஆன்டிபாடி" என்ற எதிர்ப்புப் புரதங்களில் சிறந்தவை, அதைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேலான உறுதியோடு பூட்டைப் பிடித்துக்கொண்டன. குறும்புக்காரப் பையன்கள் பூட்டின் துவாரத்தில் தீக்குச்சியை ஒடித்துச் செருகிவிடுவார்களே, அது போலத்தான். குச்சி உள்ளே இருக்கும்வரை எந்தச் சாவியும் நுழையாது. புற்றுநோய் அணு என்னதான் சாவியை நீட்டினாலும், காவல்காரன் தடியைக் கீழே போட மாட்டான்.

ஜனாதிபதியும் பேராசிரியரும்

அப்படிப் பிறந்த மருந்துகளில் முக்கியமானவை நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப். இரண்டும் ஊசி வழியாக ரத்தத்தில் ஏற்றப்படுபவை. 2014-ல் அவற்றுக்கு அனுமதி கிடைத்தது.

அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரை வாசகர்களுக்கு நினைவிருக்கும். 1978-ம் ஆண்டு ஜனவரியில் இந்தியா வந்தவர். அவர் வந்துபோன அரியானா கிராமத்துக்கு "கார்ட்டர்புரி" என்றே பெயர் வைத்தார்கள். 2015 ஆகஸ்டில், தனக்குப் புற்றுநோய் ஈரலிலும் மூளையிலும் பரவிவிட்டது என்று அவர் அறிவித்தார். வயது அப்போது 90. ஆபரேஷனும், கதிர் வைத்தியமும், பெம்ப்ரோலிசுமாப் ஊசியும் தரப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில், கட்டிகளின் சுவடே இல்லை என்று செய்தி வந்தது. அதற்குப் பிறகு ஒன்பது ஆண்டுகள் இருந்து, 100 வயதை நிறைவு செய்து, 2024 டிசம்பரில் காலமானார்.

ஹோஞ்சோவுக்கு 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்னொரு பூட்டை ஆராய்ந்த அமெரிக்கர் ஜேம்ஸ் ஆலிசனும் அவரும் அதைப் பகிர்ந்துகொண்டார்கள். பரிசு பெற்ற பிறகு நடந்தது இன்னும் சுவாரசியம். மருந்தை விற்கும் ஜப்பானியக் கம்பெனியான ஓனோ தனக்குச் சேர வேண்டிய பங்கை ஒழுங்காகத் தரவில்லை என்று பேராசிரியர் கோர்ட்டுக்குப் போனார்! 2021 நவம்பரில் சமரசம் ஏற்பட்டது. அவருக்கு 500 கோடி யென்னும், கியோட்டோ பல்கலைக்கழகத்தில் இளம் ஆராய்ச்சியாளர்களுக்கான நிதிக்கு 2,300 கோடி யென்னும் தர கம்பெனி ஒப்புக்கொண்டது. போனசுக்காகக் கேட்டில் நின்றவர்களுக்கு, நோபல் பரிசுக்காரரும் நம்ம ஜாதிதான் என்று தோன்றினால் தவறில்லை.

பரேலில் ஒரு கணக்கு

ஜனாதிபதிக்குக் கிடைத்தது. சாதாரணத் தொழிலாளிக்கு?

இந்திய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் வாய்ப்புற்றுக்குத்தான். புகையிலை, குட்கா, பான் மசாலா எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை. நைட் ஷிப்டில் தூக்கம் வராமல் இருக்கவும், பசியை அடக்கவும், கன்னத்தில் அடக்கிக்கொள்ளும் பொட்டலம் அது. 2012-ல் மகாராஷ்டிரத்தில் குட்காவுக்குத் தடை போட்டார்கள். தடைக்குப் பிறகும் அது எங்கே கிடைக்கிறது என்று போடுகிறவர்களுக்குத் தெரியும்.

முற்றிய நிலையில் வருபவர்களுக்கு இந்தப் புது மருந்துகள் ஓரளவு ஆயுளை நீட்டும் என்று மேல்நாட்டுப் பரிசோதனைகள் காட்டின. ஆனால், ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் நூறு நோயாளிகளில் ஒருவரிலிருந்து மூன்று பேருக்குத்தான் இவை எட்டுகின்றன என்று டாடா ஆஸ்பத்திரி டாக்டர்களே எழுதியிருக்கிறார்கள். காரணம் ஒன்றுதான். விலை!

இங்கேதான் பூட்டுக் கணக்கு உதவிக்கு வந்தது. நிவோலுமாப் மருந்தை முதன்முதலில் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனை 2010-ல் வெளியாயிற்று. 39 நோயாளிகள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.3 மில்லிகிராமிலிருந்து 10 மில்லிகிராம்வரை பல அளவுகள். ரத்தத்தை எடுத்து, டி அணுக்களின் பூட்டுகளில் எத்தனை அடைபட்டிருக்கின்றன என்று எண்ணினார்கள். சின்ன அளவு பெற்றவருக்கும், பெரிய அளவு பெற்றவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை! நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்ட பூட்டுகள் அடைபட்டிருந்தன. இரண்டு மாதத்துக்கு மேலும் அப்படியே இருந்தன. காரணம், மேலே சொன்ன அந்த உறுதியான பிடிதான். துவாரத்தில் ஒரு குச்சி போய் உட்கார்ந்துவிட்டால், வாசலில் இன்னும் நூறு குச்சியைக் குவித்து என்ன பயன்?

இப்போது நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அந்தக் குறைந்த அளவு 15 மில்லிகிராம். ஆனால் வழக்கமாகக் கொடுக்கும் அளவுகளில் ஒன்று, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை 240 மில்லிகிராம்.

டாடா ஆஸ்பத்திரி டாக்டர்கள் விஜய் பாட்டீல், குமார் பிரபாஷ் ஆகியோர் அடங்கிய குழு துணிந்து ஒரு காரியம் செய்தது. தலை, கழுத்துப் பகுதியில் புற்று முற்றிய 151 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். இரு பிரிவினருக்கும் மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப், எர்லாட்டினிப் என்ற மூன்று மாத்திரைகள். ஒரு பிரிவினருக்கு மட்டும் கூடுதலாக, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, 20 மில்லிகிராம் நிவோலுமாப்.

ஆறு வாரத்துக்குக் கணக்கிட்டால், வழக்கமான முறையில் 720 மில்லிகிராம். இந்த முறையில் வெறும் 40. பதினெட்டில் ஒரு பங்கு!

2022-ல் முடிவு வெளிவந்தது. மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில், ஓர் ஆண்டு முடிவில் நூற்றுக்கு 16 பேர் உயிரோடு இருந்தார்கள். ஊசியும் போட்டுக்கொண்டவர்களில் நூற்றுக்கு 43 பேர். பிரிவில் பாதிப் பேர் தாண்டிய காலம் முதலாவதில் 6.7 மாதம், இரண்டாவதில் 10.1 மாதம். கடுமையான பக்க விளைவுகளும் ஊசியால் கூடவில்லை.

பத்து மாதம் என்ன பெரிய காலமா என்று கேட்கலாம். பெண்ணின் கல்யாணத்தைப் பார்க்கக் காத்திருக்கும் அப்பாவிடம் கேட்டால் பதில் வேறாக இருக்கும்.

சொல்லாமல் விடக்கூடாதவை

இது முழுக் குணம் தரும் மருந்து என்று யாரும் சொல்லவில்லை. முழு அளவுக்கு இந்தச் சிறு அளவு சமம்தானா என்பதையும் இந்தப் பரிசோதனை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. மாத்திரையோடு ஊசி சேர்ந்தால் நல்லது என்பதை மட்டும்தான் அது காட்டியது. ரத்தத்தில் உள்ள அணுக்களின் பூட்டை எண்ணியது உண்மை. கட்டியின் உள்ளே புகுந்த அணுக்களின் பூட்டும் அதே கணக்கில் அடைபடுமா என்பது தனிக் கேள்வி. வேறு உறுப்புகளில் வரும் புற்றுக்கு இந்தக் கணக்கை அப்படியே தூக்கிவைக்கவும் முடியாது.

எலிக்கு நேர்ந்ததையும் மறக்கக் கூடாது. பூட்டை அடைப்பது என்றால் காவல்காரனை அவிழ்த்துவிடுவது. சிலருக்கு அவன் நுரையீரல், குடல், ஈரல், தைராய்டு என்று சொந்த உறுப்புகளின் மேலேயே பாய்ந்துவிடுவான். இந்த ஊசி போட்டுக்கொள்பவருக்குத் திடீரென்று மூச்சு வாங்கினாலோ, வயிற்றுப்போக்கு நிற்காமல் போனாலோ, "ஏதோ சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை" என்று மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுக்கக் கூடாது. உடனே ஊசி போட்ட டாக்டரிடம் போக வேண்டும். நேரத்தோடு போனால் பெரும்பாலும் ஸ்டீராய்டு மருந்தால் அடக்கிவிடுகிறார்கள்.

இன்னொன்று. குப்பியில் இருக்கும் பி.டி-1 புரதம், நோயாளிக்கு ஏற்றும் மருந்து அல்ல. ஒன்று பூட்டு, மற்றது துவாரத்தை அடைக்கும் குச்சி. பெயர் ஒன்றுபோல் இருப்பதைப் பார்த்து, "அதே மருந்து, குறைந்த விலை" என்று யாராவது குப்பியை நீட்டினால் ஏமாந்துவிடக் கூடாது. ஆராய்ச்சிக்கான புரதம் மருந்துக்கு உரிய சோதனைகளைத் தாண்டி வந்தது அல்ல. மேலே அச்சிட்டிருக்கும் எச்சரிக்கை அதற்காகத்தான்.

ஊரிலிருந்து நோயாளியை அழைத்து வருகிறவர்களுக்கு உபயோகமான ஒரு விஷயம். இந்த வகை ஊசி யாருக்குப் பலன் தரும் என்று கணிப்பதற்கு, கட்டியில் சாவி, அதாவது பி.டி-எல்1, எவ்வளவு தொங்குகிறது என்று பார்க்கும் பரிசோதனை ஒன்று இருக்கிறது. அதற்கு ரிப்போர்ட்டுக் காகிதம் போதாது. ஊரில் சதை எடுத்துச் சோதித்தபோது, அந்தச் சதையை மெழுகில் பதித்து ஒரு சின்னக் கட்டியாக வைத்திருப்பார்கள். "பிளாக்" என்று சொல்வார்கள். லேபரேட்டரியில் கேட்டால் எழுதி வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள். அதையும், கண்ணாடிச் சில்லுகளையும் மறக்காமல் வாங்கி, வெயில் படாமல் பெட்டியில் வைத்து எடுத்து வந்தால், இங்கே வந்து மறுபடியும் சதை எடுக்கும் வேதனை மிச்சமாகலாம்.